மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்

"ஒரு சாயா. பால் கொஞ்சம் தூக்கலா இருக்கணும். சீனி அரை ஸ்பூன். நுரை ஒரு விரக்கடை. கிளாஸ் நேத்துக் குடுத்த அதே கிளாஸ். மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்."

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுச் சாயாக்கடையில் நின்றுகொண்டு அண்ணாச்சி இதைச் சொல்லி முடிப்பதற்குள் பின்னால் நின்ற மூன்று பேர் சாயா குடித்து, காசு கொடுத்து, போயே விட்டார்கள். கடைக்காரர் வடிகட்டியைக் கீழே வைத்தார்.

"சேட்டா, இது சாயாக்கடையா. தாலூக்காபீஸ் அல்ல."

அண்ணாச்சிக்கு வருத்தமே இல்லை. என் பக்கம் திரும்பி, "தெளிவாக் கேட்டாத்தான் சகலை தெளிவா வரும்" என்றார். வந்த சாயாவில் சீனி ஒன்றரை ஸ்பூன் இருந்தது.

உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். பெரியப்பாவாக இருக்கலாம், மாடி வீட்டுக்காரராக இருக்கலாம், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாராக இருக்கலாம். எனக்கு வாய்த்தவர் சகலை. மல்லி, வத்தல், சீரகம் மொத்த வியாபாரம். அவர் தாத்தா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து இங்கே வந்து காலூன்றிய குடும்பம். கடையை இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். அண்ணாச்சி கல்லாவுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, போனில் இருக்கிற படத்தை வார்த்தையால் திருத்திக்கொண்டிருக்கிறார். காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தால் சார்ஜ் தீரும்வரை அதுதான் வேலை.

"மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்" என்பது அவர் பிறவியிலேயே கொண்டுவந்த வாசகம் என்று நினைத்துவிடக் கூடாது. 2025 மார்ச்சில் சாட்ஜிபிடி புண்ணியத்தில் உலகமே ஜிப்லி பொம்மையாக மாறியபோது அண்ணாச்சியும் எங்கள் குடும்பம் முழுவதையும் பெரிய கண் வைத்த ஜப்பான் பிள்ளைகளாக்கி வாட்ஸாப்பில் விட்டார். அப்போது அவர் எழுதியது ஒரே வரி. ஆகஸ்ட் கடைசியில் கூகுள் ஜெமினியில் நானோ பனானா வந்தது. இருக்கிற போட்டோவைக் கொடுத்து "இதை மாற்று, அதை விட்டுவிடு" என்று சொன்னால் கேட்கும் சாதனம். செப்டம்பரில் நாடே சிவப்பு ஷிபான் சேலையில், காற்றில் முந்தானை பறக்க நின்றது. அண்ணாச்சியும் மதினியை அப்படி நிறுத்தினார். மதினி படத்தைப் பார்த்துவிட்டு, "சேலை நல்லாத்தான் இருக்கு. பீரோவுல காணோமே?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி பன்னிரண்டாயிரம் ரூபாயில் போய் முடிந்தது.

அதற்குப் பிறகுதான் அண்ணாச்சி கலைஞரானார். சொல்லைக் கவனமாகப் பொறுக்கிப் போட்டால்தான் படம் கேட்டபடி வரும் என்று கண்டுகொண்டார். எதை மாற்ற வேண்டும் என்று ஒரு வரி எழுதினால், எதை மாற்றக் கூடாது என்று ஐந்து வரி எழுத வேண்டும் என்பதையும் கண்டுகொண்டார். அந்த ஐந்து வரியின் சாரம்தான் தலைப்பு. இது அவர் வாயில் ஒட்டிக்கொண்டு, போனைக் கீழே வைத்த பிறகும் இறங்க மறுக்கிறது.

முடிவெட்டும் கடையில் உட்கார்ந்து, "காதோரம் மட்டும் ஒதுக்கு. மீசை தொடக் கூடாது. முகம் மாறக் கூடாது" என்றிருக்கிறார். நாற்பது வருஷம் கத்திரி பிடித்த மனுஷனிடம் முகம் மாறக் கூடாது என்று சொன்னால் அவர் என்ன நினைப்பார்? ஆட்டோவில் ஏறினால், "தோப்பும்படி. மிதமான வேகம். இடப்பக்கம் காயல் தெரியட்டும்" என்பார். சாப்பாட்டில் உட்கார்ந்து, "சாம்பார்ல புளி மட்டும் ஒரு சொட்டு குறையட்டும். மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்" என்றார் ஒருநாள். மதினி கரண்டியைக் குண்டானுக்குள் விட்டுவிட்டு, "மத்ததெல்லாம் அப்படியே இருக்கணும்னா புளியும் அப்படியேதான் இருக்கும். எல்லாம் ஒண்ணாத்தானே கொதிச்சிருக்கு" என்றாள்.

சாதனம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் கேட்டதில்லை. பழைய ஸ்டூடியோக்களில் டச்சிங் பார்க்கிறவர் என்று ஒருவர் இருந்தார். நெகட்டிவைக் கண்ணாடிமேல் வைத்து, அடியில் வெளிச்சம் காட்டி, ஊசியாகச் சீவிய பென்சிலால் கன்னத்து அம்மைத் தழும்பை மட்டும் தொட்டு எடுப்பார். அவர் தொடாத இடம் தொடாத இடம்தான். இந்தச் சாதனம் அப்படித் தொட்டுத் திருத்துவதில்லை. கண்ணாடியைக் கழற்று என்றால், பழைய படத்தைப் பார்த்துப் பார்த்து மொத்தப் படத்தையும் புதிதாக வரைகிறது. கண்ணாடி இருந்த இடத்தில் ஒரு மூக்குத்தண்டு வேண்டுமே, அதையும் தன் ஊகத்தில் வரைந்து வைக்கிறது. ஒரு திருத்தத்தில் வித்தியாசம் தெரியாது. திருத்தின படத்தையே மறுபடி திருத்தி, அதை மறுபடி திருத்தி, ஏழாவது சுற்றில் அண்ணாச்சியின் மாமனார், அதாவது என் மாமனாரும்தான், கோட்டயத்துப் பக்கத்துப் பாதிரியார் மாதிரி ஆகிவிட்டார். முகம் கனிந்திருந்தது. ஆள்தான் வேறு.

மதினியின் மூக்குத்தி விவகாரமும் இப்படித்தான் வந்தது. ஒவ்வொரு திருத்தத்திலும் அது இடம் மாறியது. ஒரு படத்தில் வலப்பக்கம், அடுத்ததில் இடப்பக்கம், ஒன்றில் இரண்டு பக்கமும். அண்ணாச்சி கடைசியில், மூக்குத்தி இன்ன பக்கம் என்று எழுதிவிட்டால் பிரச்சனை தீர்ந்தது என்று முடிவு செய்து, திண்ணையிலிருந்து உள்ளே குரல் கொடுத்தார்.

"இந்தா, உனக்கு மூக்குத்தி எந்தப் பக்கம்?"

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

"முப்பத்திநாலு வருஷமா எதுத்தாப்ல உக்காந்துதானே சாப்பிடுதீங்க?"

"போட்டோவுல இடம் வலமாத் தெரியும், அதான் கேட்டேன்" என்று சமாளித்திருக்கிறார். பலிக்கவில்லை. அன்று முழுக்க மதினி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டே வீட்டுக்குள் நடமாடினாள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் காலை எனக்குப் போன் வந்தது. குரலைத் தாழ்த்தி, "சகலை, உங்க மதினிக்கு மூக்குத்தி எந்தப் பக்கம்னு ஞாபகம் இருக்கா?" என்றார். எனக்கும் தெரியவில்லை. என் மனைவியிடம் கேட்டேன். அக்காவைப் பற்றிக் கேட்டால் தங்கைக்குத் தெரியாதா? அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"எனக்கு எந்தப் பக்கம்? அதைச் சொல்லுங்க முதல்ல."

"வலப்பக்கம்" என்றேன், துணிந்து.

"எனக்கு மூக்குத்தியே கிடையாது."

இதற்கும் அண்ணாச்சிதான் காரணம் என்று எழுதி வைக்கிறேன்.

மொழி இன்னொரு தொல்லை. அண்ணாச்சியின் தமிழில் பாதி மட்டாஞ்சேரித் தமிழ். இந்தச் சின்ன இடத்தில் கொங்கணி, குஜராத்தி, கச்சி, உருது, தமிழ், மலையாளம் எல்லாம் ஒரே தெருவில் சீரகம் வாங்கும். அதில் புழங்கிய வாய்க்குத் தண்ணீர் என்பது வெள்ளம்தான். சாப்பாட்டு மேசைப் படத்தைக் கொடுத்து, "மேசை ஓரத்தில் வெள்ளம் வை" என்று தமிழில் எழுதினார். 2018-இல் ஆலுவாயைப் பெரியாறு முழுக்கியபோதுகூட எங்கள் வீட்டு வாசலுக்கு வராத வெள்ளம் அந்தப் படத்தில் மேசைக்கால்வரை வந்து நின்றது.

அதையாவது சிரித்துவிட்டு விடலாம். சித்தப்பா விஷயம் அப்படியில்லை.

பாளையங்கோட்டைச் சித்தப்பாவுக்கு எண்பது நெருங்குகிறது. பிளெக்ஸுக்கு நல்ல படம் ஒன்று வேண்டும் என்று அண்ணாச்சியிடம் பொறுப்பு வந்தது. பகல் வெயிலில் எடுத்த படம், நெற்றியில் ஒரே கூச்சம். அந்தி வெளிச்சம் போட்டால் எடுப்பாக இருக்கும் என்று நினைத்து அண்ணாச்சி எழுதிய வாசகம் இது: "படத்தில் மாலை. இதமான மஞ்சள். முகத்தில் ஆழ்ந்த அமைதி. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்."

சாதனம் சொன்னதைச் செய்தது. சித்தப்பா படத்துக்குக் கனமான செவ்வந்தி மாலை, மஞ்சளாக. கண்ணை மூடிய ஆழ்ந்த அமைதி. இரவு பதினொரு மணி, அண்ணாச்சி கண்ணாடி போடாமல் போனைப் பார்த்து, மஞ்சள் தெரிகிறது, போதும் என்று, குடும்பக் குழுவில் படத்தைப் போட்டு, அடியில் "நம்ம சித்தப்பா" என்று எழுதி, ஒரு கும்பிடும் போட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

காலை ஐந்து மணிக்குள் முப்பத்தெட்டு ஓம் சாந்தி. பம்பாய் மருமகன் தட்காலில் டிக்கெட் போட்டுவிட்டான். தூத்துக்குடி அத்தை அழுதுகொண்டே வேன் பேசிவிட்டாள். சித்தப்பாவும் அந்தக் குழுவில் இருக்கிறார். எழுந்து, பல் தேய்த்து, எல்லாவற்றையும் படித்துப் பார்த்து, கீழே ஒரே கேள்வி கேட்டிருந்தார்: "எப்ப எடுக்காங்க?"

திருத்துகிறேன் என்று அண்ணாச்சி அவசரத்தில் "மாலை வேண்டாம்" என்று எழுதினார். இரண்டு மாலையாகிவிட்டது. "மாலை கூடவே கூடாது" என்றார். ஊதுபத்தியும் சேர்ந்தது. வேண்டாம் என்று சொல்வதற்கும் அந்தப் பொருளின் பெயரைச் சொல்லித்தானே ஆக வேண்டும்? பேர் காதில் விழுந்ததும் பல சமயம் சாதனம் பொருளைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறது. கடைசியில், "சட்டைக் காலரும் முதல் பொத்தானும் முழுசாகத் தெரியட்டும். கண் திறந்திருக்கட்டும். சூரியன் சாயும் நேரத்து வெயில்" என்று எழுதினார். சித்தப்பா பிழைத்தார்.

இந்த அனுபவத்தை அண்ணாச்சி தன்னோடு வைத்துக்கொண்டிருந்தால் போதும். ஊருக்கே பாடம் எடுக்கிறார். பக்கத்து வீட்டுப் பிள்ளையை அதன் அம்மா "ஓடாதடா" என்று அதட்டினால், "ஓடாதேன்னு சொல்லக் கூடாதும்மா, அவன் மூளையில ஓட்டம்தான் பதியும். மெதுவா நடந்து வான்னு சொல்லு" என்கிறார். அவர் பேசி முடிப்பதற்குள் பிள்ளை ரோட்டைத் தாண்டிவிட்டான். கடையில் கடன் கேட்டு வருகிறவனிடம் "கடன் கிடையாது" என்று மகன் சொன்னதற்கும் இதே பாடம். "ரொக்கம் உண்டுன்னு சொல்லுடா."

மணிக்கூண்டையும் சொல்லிவிடுகிறேன். ஜூதத்தெருவில் பரதேசி சினகாக் என்கிற யூதர் கோயில் 1568-இல் கட்டியது. அதன் மணிக்கூண்டு 1760-இல் வந்தது. கடிகார முகங்களில் ஒன்றில் ஹீப்ரு எண், இன்னொன்றில் ரோமன் எண். அதன் முன்னால் குடும்பத்தோடு மாலை, மன்னிக்கவும், சாயங்காலம் நாலரை மணிக்கு நிற்கிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்று அண்ணாச்சிக்கு ஆசை. சாதனம் பத்து பத்து காட்டியது. கடிகார விளம்பரங்களில் முள் பெரும்பாலும் பத்து பத்தில்தான் நிற்கும், கம்பெனிப் பெயர் மறையாமலிருக்க. சாதனம் பார்த்துப் படித்ததில் முக்காவாசி அந்த மாதிரிப் படங்கள்தான். "சின்ன முள் நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவில், பெரிய முள் ஆறின்மேல்" என்று எழுதினார். பத்து பத்து. "பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வீடு வரும் நேரம்" என்று எழுதினார். பிள்ளைகள் வந்தார்கள், மணி பத்து பத்து. உள்ளே சீனாவிலிருந்து வந்த நீலப் பூவேலைத் தரை ஓடுகள், ஆயிரத்துச் சொச்சம், ஒன்றைப் போல் ஒன்று இருக்காது என்று ஊர் பெருமை பேசும். அதையும் கேட்டுப் பார்த்தார். எல்லா ஓடும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றாகவே வந்தன. மூன்று நாள் இப்படிப் போனது. மணிக்கூண்டு அவர் கடையிலிருந்து நடக்கிற தூரம். அந்த மூன்று நாளும் அண்ணாச்சி அந்தப் பக்கம் போகவில்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தப் பைத்தியம் பிடித்த பிறகு அண்ணாச்சிக்குக் கண் திறந்திருக்கிறது. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று எழுத வேண்டுமென்றால் வெளிச்சத்தைப் பார்த்தாக வேண்டுமே. போன வாரம் கடை வாசலில் நின்று, எதிரே குடோன் சுவரைக் காட்டி, "சகலை, பாசி பிடிச்ச இடத்துல வெயில் பட்டா ஒரு பச்சை வருது பாத்தீங்களா?" என்றார். நாற்பது வருஷம் அந்தச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர், அதன் நிறத்தைச் சொல்லி அன்றுதான் கேட்டேன். வேளிக்குப் போகிற வழியில், தோபிகானாவில் துணி வெளுக்கும் ஒரு பாட்டியின் கல்யாணப் படம் கறையான் அரித்துப் போயிருந்தது. மாப்பிள்ளைக்கு முகம் பாதிதான் மிச்சம். அண்ணாச்சி நான்கு ராத்திரி உட்கார்ந்தார். பாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "புருவம் இப்படியா, காது இதைவிடப் பெருசா?" என்று கேட்டுக் கேட்டு எழுதினார். காசு வாங்கவில்லை. பாட்டி அந்தப் படத்தைச் சேலைக்குள் சுற்றி எடுத்துக்கொண்டு போனதை நானும் பார்த்தேன். 2012-இலிருந்து அவ்வப்போது பியன்னாலே என்று உலகத்து ஓவியர்கள் எல்லாம் எங்கள் தெருவுக்கு வருகிறார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு இந்தப் பொறுமை இருக்குமா என்பது சந்தேகம்.

அதனால்தான் நானும் ஏமாந்தேன்.

என் அப்பாவுக்கு இருந்தது ஒரே ஒரு படம். குடோனில் மிளகு மூட்டை தூக்கின மனுஷன். கொக்கி வழுக்கி முகத்தில் அடித்து முன்பல் ஒன்று பாதி உடைந்தது. சிரித்தால் அந்த இடைவெளி தெரியும் என்று வாயை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு சிரிப்பார். இடது கண் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். அந்தச் சிரிப்போடு ஸ்டூடியோவில் எடுத்த படம், மூலையில் பழுப்புக் கறை. பத்தாம் வருஷத் திதிக்குப் பெரிதாக்கிச் சட்டம் போட வேண்டும், கறையை மட்டும் எடுத்தால் போதும் என்று அண்ணாச்சியிடம் கொடுத்தேன். கறையை மட்டும். இதை நான் இரண்டு தடவை சொன்னேன். அவருடைய வாசகத்தையே அவருக்குச் சொன்னேன்.

சட்டம் போட்டு வந்தது. கறை போயிருந்தது. பல் முளைத்திருந்தது. இரண்டு கண்ணும் தராசுத்தட்டு மாதிரி ஒரே மட்டத்தில். கோணல் சிரிப்பு நிமிர்ந்து, பேங்க் விளம்பரத்தில் வருகிற பெரியவர் மாதிரி ஒரு சிரிப்பு.

"மத்ததெல்லாம் அப்படியேதான் இருக்கு சகலை" என்றார் அண்ணாச்சி. மனசாரத்தான் சொன்னார். கறையை எடுக்கச் சொன்னபோது சாதனம் பல்லையும் கண்ணையும்கூடக் கறை என்று எடுத்துக்கொண்டதை அவர் பார்க்கவே இல்லை. குடோன் சுவரின் பச்சையைப் பார்க்கிறவருக்கு இது தெரியவில்லை.

கூகுள் தன் சாதனம் வரைகிற படங்களுக்குள் சிந்த்ஐடி என்று கண்ணுக்குத் தெரியாத முத்திரை ஒன்றைப் புதைத்து வைக்கிறதாம், சாதனம் வரைந்தது எது என்று பின்னால் கண்டுபிடிப்பதற்காக. எங்கள் அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது, ஒரு கண்ணில் புரை. படத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "யாரு ஐயா இது? நல்லா இருக்காரே" என்றாள். பிறகு படத்துக்குப் பொட்டு வைக்கக் குங்குமத்தைக் கொடுத்தோம். வாங்கவில்லை.

ஊரார் சொந்தக்காரர் எல்லாம் திதியன்று வந்து, அப்பா என்ன லட்சணம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பேரப்பிள்ளைகள் தாத்தாவுக்கு நல்ல பல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அந்தக் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்கவில்லை. இதில் நகைச்சுவை ஒன்றும் கிடையாது, தேடாதீர்கள்.

அசல் எங்கே என்று நான்கு முறை கேட்டுவிட்டேன். "ஸ்கேன் பண்ணித்தான் வச்சிருக்கே, ஒரிஜினல் எதுக்கு?" என்றார் முதல் தடவை. கடை மேசை டிராயரில் இருக்கும் என்றார் இரண்டாம் தடவை. மகனிடம் கேளுங்கள் என்றார். நேற்று, "அதையும் கொஞ்சம் சரி பண்ணித் தரட்டுமா?" என்று கேட்டார்.

அண்ணாச்சி இந்தப் பத்திரிகையைத் தவறாமல் வாங்குகிறவர். அதனால் இதை இங்கேயே எழுதிவிடுகிறேன். அண்ணாச்சி, படம் நான் கொடுத்த பழுப்புக் கவரில் இருக்கும், கவர்மேல் அப்பா பெயர் பென்சிலில் எழுதியிருக்கும். கவரைப் பிரிக்காமல் கொண்டுவந்து கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில்தான் இருப்பேன்.